பீரோ ஓரத்தில் இருந்து கேட்ட இன்டர்வியூ

என் தம்பி மகள் எங்கள் வீட்டு உள்ரூமில் உட்கார்ந்து இன்டர்வியூ பேசிய முக்கால் மணி நேரமும் நானும் அதே ரூமில்தான் இருந்தேன். இருக்கக் கூடாது. இருக்க வேண்டும் என்று நினைத்து இருந்ததும் இல்லை. வெளியே போக வழியில்லாமல் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

தம்பிக்கு உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம். மகள் ஒன்றுதான். மதுரையில் காலேஜ் முடித்துவிட்டு மேலே ஒரு படிப்பு படிக்க வேண்டும் என்று நின்றாள். குடும்பத்தில் வழிவழியாக வருகிற நோய்களைப் பற்றி, பிள்ளை பெற்றவர்களிடமும் பெறப் போகிறவர்களிடமும் உட்கார்ந்து பேசுகிற படிப்பு. மரபணு ஆலோசனை என்று பேர் சொன்னாள். டாக்டரா என்று கேட்டால் இல்லை என்றாள். நர்ஸா என்றால் அதுவும் இல்லை. வெளிமாநிலத்தில் மூன்று காலேஜுக்கு எழுதிப் போட்டாள். ஒன்றில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னொன்றிலிருந்து பதிலே வரவில்லை. மூன்றாவது, பெங்களூரில் இருக்கிற காலேஜ், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது.

தம்பி ஒரு கெடு வைத்திருந்தான். "இந்த வருசம் கிடைச்சாப் போ. கிடைக்கலையா, அத்தை வீட்டுக்குப் போற வழியப் பாரு." அத்தை வீடு என்றால் என் வீடு. என் மகனுக்கு அவள் முறைப்பெண். அவன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். முப்பதைத் தாண்டிவிட்டான். வந்த ஜாதகம் எதுவும் பொருந்தவில்லை. என் வீட்டுக்காரர் இந்தப் பெண்ணைப் பிறந்த நாளிலிருந்தே மருமகள் என்றுதான் சொல்வார்.

என் வீட்டுக்காரர் என் தாய்மாமன். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தி, பதினேழு வயதில் அவருக்குக் கட்டிவைத்தார்கள். அதனால் என் மாமியார்தான் எனக்கு அம்மாச்சி. புருசன் வீட்டில் சண்டை என்றால் மற்ற பெண்கள் அம்மா வீட்டுக்குப் போவார்கள். நான் எங்கே போக? அம்மாவிடம் போய் அழுதால், "எந்தம்பியவா குறை சொல்ற" என்று கேட்பாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் தம்பி மகள் நோட்டோடு வந்தாள். நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

"அத்த, நம்ம வீட்டு ஆளுகள மேலருந்து வரிசையாச் சொல்லுங்க. ஒரு படம் போடணும்."

ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம். நான் சொல்லச் சொல்லப் போட்டுக்கொண்டே வந்தாள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் கோடு இழுத்தவள், அதை ஒட்டியே இன்னொரு கோடும் இழுத்தாள்.

"என்னத்தா, எங்களுக்கு மட்டும் ரெண்டு கோடு?"

"சொந்தத்துக்குள்ள கட்டுனா ரெண்டு கோடு போடணும் அத்த."

"அப்ப நம்ம ஊரு பூரா ரெண்டு கோடுதான்."

சிரித்தாள். "மாமாவ எங்க வைக்கிறதுன்னே தெரியல. உங்க வழியில பாத்தா எனக்கு மாமா. அப்பா வழியில பாத்தா தாத்தா. படம் சிக்கு விழுந்து போச்சு."

பிறகு பிள்ளைகளைக் கேட்டாள். எனக்கு மூன்று. மகன் கடைசி. அதற்கு முன்னால் ஒரு பெண், ஒரு ஆண். இரண்டும் நல்ல நிறைமாதத்தில் பிறந்தவை. ஐந்து மாதம் வரைக்கும் சிரிப்பும் விளையாட்டும்தான். அப்புறம் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டால்கூடத் தூக்கிவாரிப் போடும். நின்ற தலை நிற்காமல் போனது. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் கண் தொடர்ந்து வராது. இரண்டு வயது முடியும் முன்னே இரண்டும் போய்விட்டன. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அழகர்கோவிலிலிருந்து வந்த பஸ் நடுவழியில் நின்றுபோய், கிரகணம் பிடிக்கிற நேரத்தில் நான் ரோட்டில் நின்றேன். அதனால்தான் என்று அம்மாச்சி சொன்னாள். இரண்டாவதுக்கு எந்தக் கிரகணமும் இல்லையே என்று நான் கேட்கவில்லை. பழைய தோஷம் விடவில்லை என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டேன்.

இதையெல்லாம் இவளிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரும் இப்படி வரிசையாகக் கேட்டதில்லை, அதனால் இருக்கலாம். படிக்கப் போகிற பாடத்துக்குப் படம் போட்டுப் பழகுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு வட்டத்தையும் ஒரு கட்டத்தையும் கருப்பாக அடைத்து, மேலே சாய்வாக ஒரு கோடு போட்டாள். நான் மொச்சையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

இன்டர்வியூ கம்ப்யூட்டர் வழியாகத்தான். தம்பி ஊரில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும். அதனால் திருநகருக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அதுவே பிடிக்கவில்லை.

"செவ்வாக்கிழமை மூணு மணி ராகுகாலம். படிச்ச ஆளுகளுக்கு இதுகூடவா தெரியாது."

"பெங்களூர்ல ராகுகாலம் இல்ல மாமா," என்றாள் இவள்.

"ராகு என்ன பஸ்ல ஏறியா வரணும், அங்க இல்லாமப் போக? மூணுக்கு முன்னாடியே உள்ள போயிரு. ஆரம்பிச்சது முன்னாடின்னா தோசமில்ல."

"அவுக சேத்துக்கிட்டாத்தான் மாமா போக முடியும்."

"நீ கதவத் தட்டிவையி."

இவள் கிடைக்காமல் திரும்பினால் அவர் வீட்டுக்குத்தான் மருமகளாக வருவாள். அப்படியிருந்தும் அவர் நல்ல நேரம் பார்த்தார். அவர் அப்படித்தான். எதைச் செய்தாலும் நேரம் பார்த்துத்தான்.

பின்னால் வெறும் சுவராக இருக்க வேண்டுமாம். எங்கள் உள்ரூமில் சாமான் இல்லாத சுவர் ஒன்றுதான், கதவு இருக்கிற சுவர். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சத்தம் கேட்கும் என்று ஃபேனை நிறுத்திவிட்டாள். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, மாமா பேச்சைத் தட்டாமல் ஏதோ ஒன்றை அழுத்தினாள். காக்க வைப்பார்கள் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். தண்ணீர்ச் சொம்பும் விபூதியும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், கதவைச் சாத்தி, அவள் நெற்றியில் பூசினேன். சொம்பை வைக்க பீரோப் பக்கம் திரும்பினேன். கம்ப்யூட்டரிலிருந்து பேச்சுக் குரல் வந்துவிட்டது. முன்னால் பேச வேண்டிய பிள்ளை வரவில்லையாம், இவளை உடனே எடுத்துக்கொண்டார்கள்.

இவள் என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே வேண்டாம் என்றாள். நான் கதவுக்குப் போக வேண்டும் என்றால் அவள் முதுகுக்குப் பின்னால் நடக்க வேண்டும். கேள்வி கேட்கிற மூன்று பேரும் பார்த்துவிடுவார்கள். ரூமில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று கடிதத்தில் போட்டிருந்ததை எனக்கு அவள் முந்தின நாளே படித்துச் சொல்லியிருந்தாள். இங்கிலீஷில் ஏதோ கேட்டார்கள். "எஸ் மேடம்," என்றாள் இவள். முகம் வெளுத்துவிட்டது. தனியாகத்தான் இருக்கிறாயா என்று கேட்டார்களாம். பின்னால்தான் எனக்குத் தெரியும்.

நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டரின் முதுகு என் பக்கம் இருந்தது. அதற்கு மேலே அவள் முகம் தெரிந்தது.

இங்கிலீஷ் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கால் மரத்துப்போனது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைத்தால் வளையல் சத்தம் கேட்கும் என்று விட்டுவிட்டேன். இருமல் வரும்போலத் தெரிந்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். மூட்டை ஓரமாக எறும்பு போய்க்கொண்டிருந்தது. கலியாணம் ஆன புதிதிலிருந்து இந்த மாதிரி மூச்சை அடக்கி உட்கார்ந்து எனக்குப் பழக்கம்தான். ஆனால் அப்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்காவது போகலாம்.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு நேரம், இவளுக்குக் கிடைக்காமல் போகட்டும் என்று நினைத்தேன். கிடைக்காவிட்டால் என் வீட்டுக்கு வருவாள். அடுப்படியில் எனக்குப் பேச ஆள் இருக்கும். என் மகன் தனியாக நிற்க மாட்டான். நினைத்த உடனே எனக்கே பயமாக இருந்தது. வருகிறவளுக்கும் என் பிள்ளைகளைப் போலப் பிறந்துவிட்டால் என்ன செய்வாள் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

அப்போதுதான் அதில் ஒரு அம்மா தமிழில் பேசினாள். பெரிய டாக்டர் போலிருக்கிறது, குரல் மெதுவாக இருந்தது.

"இனிமே தமிழ்ல பேசலாம். உங்க ஊர்ல உன்கிட்ட வர்றவங்க இங்கிலீஷ்லயா அழுவாங்க? நீ எழுதியிருக்கியே ஒரு அத்தை, மாமாவைக் கட்டிக்கிட்டு ரெண்டு குழந்தையைப் பறிகொடுத்தவங்க. நான்தான் அந்த அத்தைன்னு வச்சுக்கோ. உன்கிட்ட வந்திருக்கேன். பேசு."

எழுதியிருக்கிறாள். பாடத்துக்குப் போட்ட படம் இல்லை. என் பிள்ளைகளை எழுதி பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறாள்.

இவள் என்னைப் பார்க்கவில்லை. "வாங்கம்மா, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

"தண்ணியெல்லாம் குடிச்சாச்சு. நான் கிரகணத்தன்னைக்கு வெளியில நின்னேன். அதனாலதானே என் குழந்தைங்க போச்சு?"

"இல்லம்மா. கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க வீட்டுக்குள்ளயே இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்."

"அப்ப யார் பண்ண தப்பு?"

"யார் தப்பும் இல்லம்மா. நம்ம ஒடம்புக்குள்ள எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு. ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. ஒண்ணு பழுதா இருந்தாலும் இன்னொண்ணு வேலையப் பாத்துக்கிரும். அதனால பழுது இருக்கிறதே நமக்குத் தெரியாது. உங்ககிட்ட அப்படி ஒண்ணு இருந்திருக்கலாம். உங்க வீட்டுக்காரரும் அதே குடும்பம்தான, அவருகிட்டயும் அதே பழுது இருந்திருக்கலாம். ரெண்டும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேந்திருச்சுன்னா, வேலை பாக்க நல்லது ஒண்ணும் மிச்சம் இருக்காது."

"அவர்கிட்ட இருந்துமா வந்தது? என்னைத்தானே எல்லாரும் சொன்னாங்க."

இவள் அப்போது நிமிர்ந்தாள். கம்ப்யூட்டருக்கு மேலே என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "பாதி உங்ககிட்ட இருந்து. பாதி அவுககிட்ட இருந்து."

அந்த அம்மா விடவில்லை. "எனக்கு ஒரு மகன் இருக்கான். அவனுக்கும் சொந்தத்துலதான் பாக்குறோம். கட்டலாமா, கூடாதா? நீ படிச்ச பொண்ணு, ஒரே வார்த்தையில சொல்லிடு."

கூடாது என்று இவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவளுடைய தலைவிதியும் அதில்தானே இருக்கிறது. அந்த அம்மாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

என் மேலிருந்த கண்ணை எடுத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அப்புறம், "அத நான் சொல்லக் கூடாதும்மா. ரத்தத்துல பாக்க வழி இருக்கு. சில நேரம் அதுலயும் தெரியாமப் போகலாம். என்ன இருக்கு, என்ன வரலாம்னு உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றதுதான் என் வேலை. முடிவு உங்களோடது," என்றாள்.

செய் என்றும் சொல்லாமல் செய்யாதே என்றும் சொல்லாமல் ஒரு வேலையா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

"சரி, அத்தை வேஷம் போதும்," என்றாள் அந்த அம்மா. "இப்ப உன்னைக் கேக்குறேன். இவ்வளவும் எழுதினியே, அத்தைகிட்ட சம்மதம் வாங்கினியா?"

நான் வேகமாகத் தலையை ஆட்டினேன். வாங்கினேன் என்று சொல்லு, சொல்லு என்று. இவள் பார்த்தாள். நான் ஆட்டுவது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"இல்ல மேடம். வாங்கல. பாடத்துக்குன்னு நெனச்சுத்தான் அத்தை சொன்னாங்க." முகத்து வியர்வையைத் துடைத்தாள். "இன்னொண்ணு மேடம். ரூம்ல தனியா இருக்கேன்னு சொன்னது பொய். அத்தை இங்கதான் இருக்காங்க. விபூதி பூச வந்தாங்க, வெளிய போக முடியாம மாட்டிக்கிட்டாங்க. கதவு எனக்குப் பின்னாடி இருக்கு."

என் கதை முடிந்தது போலவும் இவள் கதை முடிந்தது போலவும் இருந்தது. பிறகு அந்த அம்மாவின் குரல் வந்தது, முன்னைவிட மெதுவாக. "கேமராவை அணைச்சுடு. அவங்க போகட்டும். நாங்க பாக்கலை."

இவள் அணைத்தாள். பீரோவைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கால் என் கால் போலவே இல்லை. அந்த அம்மாவுக்குக் கேட்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். "எங்கிட்டக் கேக்கல. ஆனா எழுதுனது எல்லாம் நெசம்."

கதவைத் திறந்தால், கதவோரம் நாற்காலி போட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை.

"பாதி அவுககிட்ட இருந்துன்னு சொல்லுச்சே அந்தப் புள்ள, யாரச் சொன்னுச்சு?" என்று கேட்டார்.

"ஏதோ படிப்பு விசயம் மாமா," என்றேன். காபி போடப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து இடம் கிடைத்துவிட்டது என்று தம்பி போன் செய்தான். பொய் சொன்னதற்கும், கேட்காமல் எழுதியதற்கும் கண்டித்துத் தனியாக ஒரு கடிதமும் வந்ததாம். என் வீட்டுக்காரர் அன்றைக்கே ஒரு ஏற்பாடு சொன்னார். "ரெண்டு வருசம் படிக்கட்டும். வேணாங்கல. போறதுக்கு முன்னாடி பூவ வச்சு விட்ருவோம். பேச்சு உறுதியா இருக்கும்." தம்பிக்கும் அது சரியென்று பட்டது. மகனுக்குப் போனில் சொன்னபோது, "உங்க இஷ்டம்பா," என்று வைத்துவிட்டான்.

எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டியது மாப்பிள்ளையின் அம்மா. நான் வைத்தால்தான் செல்லும். விடியற்காலையிலேயே அவர் மாட்டுத்தாவணிக்குப் போய் மல்லிகை வாங்கி வந்தார். தட்டு, பழம், வெற்றிலை எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி தம்பி ஊருக்குப் போனோம். பஸ்ஸில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எப்போதும் பேச மாட்டேன் என்பதால் அவருக்கு அது வித்தியாசமாகத் தெரிந்திருக்காது.

தம்பி மனைவி பெண்ணைக் கூட்டி வந்து பாயில் உட்கார வைத்தாள். பெண் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். என்னைப் பார்க்காமல் குனிந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு நான் மொச்சையைப் பார்த்துக் குனிந்ததுபோல. என் கையில் பூவைக் கொடுத்தார்கள். ஈரமாக இருந்தது.

"வையிக்கா, நேரம் போகுது," என்றான் தம்பி.

"இந்தப் புள்ளைகிட்ட யாரும் கேக்கலயே," என்றேன்.

தம்பி சிரித்துவிட்டான். "கேட்டாப் போச்சு. என்னத்தா, சம்மதம்தான?"

கூடத்தில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. பெங்களூர் டாக்டரிடம் அத்தனை பேசின பிள்ளை.

"இப்படிக் கேக்குறது கேக்குறதில்ல தம்பி," என்றேன். பூவைத் தட்டில் வைத்துவிட்டேன். "அவ படிச்சிட்டு வரட்டும். வந்து அவளாச் சொன்னா அப்பப் பாப்போம். அதுக்குள்ள நாங்களும் ரத்தம் குடுத்துப் பாக்குறோம். நானும் மாமாவும் பயலும்."

"எம்பொண்ணு வேணாம்னா நேரா சொல்லிரு. ரத்தம் கித்தம்னு என்னத்துக்கு," என்றான் தம்பி. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். இலை போட்டிருந்தார்கள், யாரும் உட்காரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. திருநகரில் அவர் மட்டும் இறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நான் வாசலுக்கு வருவதற்குள் பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்தேன்.

ஆடி பிறக்கும் முன்னே அவள் ரயில் ஏறிவிட்டாள். தம்பி அதற்குத் தடை சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதைத்தான் நிறுத்திவிட்டான். நானும் மகனும் ரத்தம் கொடுக்கப் போகலாம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது பார்க்கலாம் என்கிறான். அவர் வர மாட்டார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், சட்டையைத் துவைத்துப் போட்டால் போட்டுக்கொள்கிறார், என்னிடம் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்வாள். அவர் ஹாலில்தான் இருப்பார்.

"அத்த, மாமா பேசுறாகளா?"

"சாப்பிட்டியா?" என்று கேட்பேன். அவளும் புரிந்துகொண்டு, என்ன சாப்பிட்டாள் என்று சொல்ல ஆரம்பிப்பாள்.